விளம்பரம் வேண்டாம்

ஒரு பெட்டிக்கு இரண்டு சதம்.
பீட்சாக் கடதாசி, மலிவு இறைச்சிக் கடதாசி,
கண்ணாடிக் கடையின் ‘இரண்டாவது சோடி இலவசம்’,
இவற்றுக்கு நடுவே அன்றைக்கு
நீலத்தில் ஒன்று.
என்னவென்று பார்க்கவில்லை.
லா கூர்நெவ்வில்
ட்ராம் பாதைக்கு இந்தப் பக்கம்
அறுநூறு பெட்டிகளில் அதைப் போட்டவன் நான்.
எங்கள் பெட்டியிலும் போட்டேன்.
கணக்கென்றால் கணக்கு.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிறு
அம்மா விளைமீன் வெட்டினா.
விளம்பரங்களை அவ எறிவதில்லை,
தடிப்பான கடதாசி என்றால் தனியே எடுத்து வைப்பா.
அரசாங்கத்தின் கடதாசி நல்ல தடிப்பு.
சுருட்டி எறி என்று கையில் தந்தபோது
செதிலுக்கும் குடலுக்கும் கீழே
நனையாமல் கிடந்தன சில வரிகள்:
பதினாறிலிருந்து இருபத்தைந்து வரை.
வேலையும் இல்லை, படிப்பும் இல்லையா?
உனக்கென்று ஓர் ஆலோசகர்.
மாதம் ஒரு தொகை.
பயிற்சிகளின் பட்டியலில், நாலாவதாய்,
குளிர்சாதனம் திருத்துதல்.

(போன கோடையில் உணவகத்துப் பெரிய குளிர்பெட்டியை
ஃபோனில் படம் பார்த்துப் பார்த்து
நான்தான் திருத்தினேன்.
முதலாளி ஒரு கோலா தந்தார்.)

விலாசத்தைப் பார்த்தேன்.
விடியப்புறம் ட்ராமுக்கு நிற்கிற தரிப்பிடம்,
எதிரே மருந்துக்கடை, அதற்கு மேல்மாடி.
நாலு வருசமாய் அந்த யன்னலைப் பார்த்தபடிதான்
மழைக்கு ஒதுங்குகிறேன்.
பல் வைத்தியர் என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கடதாசி விளங்காது என்று
யாரும் சொல்ல முடியாது.
பன்னிரண்டு வயதில் அப்பாவின் அகதி வழக்கைப்
பிரெஞ்சிலிருந்து தமிழுக்குத் தூக்கி வந்தவன்.
வாடகை உதவி, மின்சாரப் பாக்கி, மருத்துவ அட்டை,
மூன்றாம் மாடி மாமியின் விவாகரத்து,
எங்கே கையெழுத்து, எங்கே பிரதி
என்று இந்தக் கட்டடமே என்னிடம் வரும்.
உனக்கு ஏதும் எழுத வேண்டுமா என்று
என்னை ஒருவரும் கேட்டதில்லை.
நானும் கேட்டதில்லை.

திங்கள் காலை படியேறினேன்,
துடைத்தும் மீன் மணக்கிற கடதாசியோடு.
“மெசியு அருளம்பலம்” என்றாள்.
அது அப்பாவின் பெயர்,
இந்த நாட்டில் இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான்.
பிறந்த திகதியைத் தட்டினாள்.
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
திரும்பவும் திரையை.

போன வியாழக்கிழமை எனக்கு இருபத்தாறு.
அம்மா கேசரி கிண்டினா.

“ஏன் முன்னமே வரவில்லை?”
பல் வைத்தியர் என்று நினைத்தேன் என்றா சொல்வது?
வேறோர் அலுவலகத்தின் இலக்கத்தை
அழகான எழுத்தில் எழுதித் தந்தாள். நல்ல பெண்.
அவளுக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகள்.
ஒன்றில் யாரோ மறந்துபோன குடை.

படியிறங்கும்போதுதான்
‘விளம்பரம் வேண்டாம்’ என்று ஒட்டிய பெட்டிகள்
நினைவுக்கு வந்தன.
அவற்றைத் தாண்டிப் போக வேண்டும்,
போட்டால் சம்பளத்தில் கழிப்பார்கள்.
சி வாசலில் மட்டும் பத்தொன்பது.
அந்தக் கதவுகளுக்குப் பின்னால்
எத்தனை பதினேழு, எத்தனை இருபத்திரண்டு,
எத்தனை இருபத்தைந்தே முக்கால்?
மிஞ்சிய நீலக் கட்டு ஒன்று
என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

சம்பளமில்லாத ஒரு பின்னேரம்.
பதினோராவது பெட்டி, திராவொரே.
“ஒட்டியிருப்பது தெரியவில்லையா?
வாசிக்கத் தெரியாதா?”
திரும்பினேன். துப்புரவு நிறுவனத்தின் சட்டை,
காதில் ஒற்றை இசைக்குமிழ், களைத்த முகம்.
“தெரியும். கொஞ்சம் பிந்தித்தான் வாசிப்பேன்.
உனக்கு என்ன வயசு?”

கேட்டிருக்கக் கூடாத கேள்வி.
முறைத்தாள். மின்தூக்கி வந்தது. ஏறினாள்.
கதவு மூடுகிற இடைவெளிக்குள் ஒரு கை நீண்டது,
வாங்கவா, தட்டிவிடவா,
தெரியவில்லை.

என் கையில் கடதாசி இல்லை.
குனிந்து பார்த்தேன், நிலத்திலும் இல்லை.

இன்னும் எட்டுப் பெட்டி.